எரியாத கட்சிக்கும் மேடை வேண்டும்

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் மலையகத் தோட்டங்களில் காமன் ஊன்றுவார்கள். அடுத்த நாட்களில் ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம், சிவனின் தவத்தைக் கலைக்க மதன் புறப்படுவது, நெற்றிக்கண் திறப்பது, ரதி தலைவிரி கோலமாய் அழுவது என்று கூத்து வளரும். தப்பு அதிர அதிர விடியும்வரை ஆட்டம் நடக்கும். இதே காமன் பண்டிகையை ஒட்டித் தஞ்சைப் பக்கத்தில் லாவணி பாடுவார்கள். டேப், துந்தினா என்னும் இசைக்கருவிகளோடு இரண்டு கோஷ்டிகள் எதிரெதிரே உட்காரும். காமன் எரிந்தேபோனான் என்பது ஒரு கோஷ்டியின் வாதம், எரியவே இல்லை என்பது மற்றதன் வாதம். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்றே அவற்றுக்குப் பெயர். புராணம் என்ன சொல்கிறதென்று கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒரு கட்சி அந்த முடிவை ஏற்க மறுத்து இரவெல்லாம் பாடுகிறது. பிறர் படைத்த கதைமாந்தரை எடுத்துத் தனக்குப் பிடித்த விதமாகக் கதையைத் திருப்பி எழுதும் இன்றைய இளைஞர் செய்வதும் இதையேதான். ‘ஃபேன் ஃபிக்‌ஷன்’ என்று பெயர் மாறியிருப்பதால் அதை வெளிநாட்டுப் பழக்கமென்றும், சொந்தச் சரக்கில்லாதவர்களின் விளையாட்டென்றும் நம் பெரியவர்கள் ஒதுக்குகிறார்கள். கதையை மாற்றி எழுதுகிறவரே அதை மிக நெருக்கமாக வாசித்தவர் என்பது என் வாதம். அவருடைய விருப்பமும் ஒருவகை விமர்சனம். அதை வளர்க்கும் பொறுப்பு நம் பாடசாலைகளுக்கும் பத்திரிகைகளுக்கும் உண்டு.

இந்த வாதத்துக்கு மாத்தளை மாவட்டத்திலேயே பழைய சாட்சி இருக்கிறது. ஏ-9 வீதியில் நாவுலயிலிருந்து வடக்கே போய்த் தம்புள்ளையைத் தாண்டி, இனாமலுவையில் திரும்பினால் சீகிரியா. அங்குள்ள கண்ணாடிச் சுவரில், ஐந்தாம் நூற்றாண்டுக் காசியப்பனின் கோட்டை பாழடைந்து நெடுங்காலம் கழித்து வந்தவர்கள் கீறிய சிங்களப் பாடல்கள் உள்ளன. அவற்றில் 685 பாடல்களைப் பேராசிரியர் செனரத் பரணவிதான படித்தெடுத்து 1956இல் பதிப்பித்தார். பெரும்பாலானவை எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுதப்பட்டவை. பாறையில் தீட்டிய பெண்கள் யார் என்று ஓவியர் எங்கும் எழுதி வைக்கவில்லை. வந்தவர்களே கதை கட்டினார்கள். இறந்துபோன அரசனுக்காக வாடி நிற்கும் தேவிமார் என்றார் ஒருவர். வாய்திறந்து பேசாத கல்நெஞ்சக்காரிகள் என்று ஊடினார் வேறொருவர். ஓவியத்துப் பெண் தனக்குப் போட்டியாகப் பார்ப்பதாகக் கோபித்துக்கொண்ட பெண்ணின் பாடலும் அதே சுவரில் இருக்கிறது. பலர் பாடி வைத்துவிட்டதால் தான் பாடவில்லை என்பதையே ஒருவர் பாட்டாக்கியிருக்கிறார். துறவி, படைவீரர், பிரபு, சாதாரணக் குடும்பப் பெண் என்று எல்லோரும் இன்னொருவரின் படைப்பின்மேல் ஏறி நின்று எழுதினார்கள். அவர்களுக்குள் ரசனை பிளவுபட்டது: துயரம் பிடித்தவர் துயரம் பாடினார், காதல் பிடித்தவர் காதலைப் பாடினார். இன்று சிங்கள இலக்கிய வரலாற்றில் அந்தக் கீறல்களைத் தவிர்த்துவிட்டு முதல் அத்தியாயங்களை எழுத முடியாது.

அதே வடக்கு வீதிதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர் மாத்தளைக்கு நடந்து வந்த பாதை. அந்த நடையை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனி ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. அன்று நடந்து வந்தவர்கள் பொன்னர் சங்கரையும் அருச்சுனன் தபசையும் காமனையும் மனத்தில் கொண்டுவந்தார்கள். அச்சுப் புத்தகம் கையில் இல்லாத அவர்களிடம் கதை பிழைத்ததே தோட்டத்துக்குத் தோட்டம் ஆடுகிறவரும் பாடுகிறவரும் அதில் கைவைத்ததால்தான். மாத்தளை வடிவேலன் போன்றோர் இந்தக் கலைகளைத் தேடித் தொகுத்ததால் அவற்றின் அளவு நமக்குத் தெரிகிறது.

‘அது நாட்டார் கலை, இலக்கியம் வேறு’ என்று சிலர் பிரித்துப் பேசக்கூடும். அவர்கள் கம்பனைப் பார்க்கட்டும். வால்மீகியில் இராமன் வில்லை ஒடித்த பிறகே சீதை அவன் வாழ்வில் வருகிறாள். கம்பனில், மிதிலை வீதியில் நடந்துவரும் இராமனும் கன்னிமாடத்தில் நிற்கும் சீதையும் முதலிலேயே ஒருவரையொருவர் கண்டு மயங்குகிறார்கள். பிறகு இருவருக்கும் தனித்தனியே தூக்கமில்லாத இரவு. வில் முறிவதற்குள் காதல் முற்றிவிடுகிறது. களவில் தொடங்கிக் கற்பில் முடியும் அகப்பாடல்களில் ஊறிய தமிழ் வாசகருக்கு, பார்த்துக்கொள்ளாமலே நடக்கும் கல்யாணம் ருசிக்காது. கம்பன் அந்த ருசியை அறிந்து கதையை மாற்றினான். இரணியன் வதைப் படலம் முழுவதும் அவன் சேர்த்தது. வால்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனின் இராவணனோ அவளைத் தொடாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். இந்தக் கடைசி மாற்றம் எனக்கு உவப்பானதல்ல. தீண்டப்பட்ட பெண் குறைபட்டவள் என்ற எண்ணத்தை அது இறுக்கிவிட்டது. திருத்தி எழுதுவது எப்போதும் முற்போக்காகவே இருக்குமென்று நான் சொல்லவரவில்லை. அந்த இறுக்கத்துக்குப் பதில் இன்னொரு திருத்தி எழுதலாகத்தான் வந்தது. 1943இல் வெளியான புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசன’த்தில், இராமன் காலடி பட்டு உயிர்பெற்ற அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் செய்த செய்தி கேட்டு மறுபடி கல்லாகிறாள். இராமாயணத்தைக் கண்டித்து எழுதிய எத்தனையோ பக்கங்களைவிட அந்தச் சிறுகதை நம் மனத்தில் ஆழமாக நிற்கிறது.

எந்த வகைக் கதை யாருக்குப் பிடிக்கிறது என்பதைக் கவனித்தால் அந்தச் சமூகத்தில் எது குறைகிறதென்று தெரியும். சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்ற பெரிய எழுத்துப் புத்தகங்களை எடுத்துக்கொள்வோம். வியாசரிடம் இல்லாத அல்லி அங்கே மதுரையை ஆள்கிறாள், அருச்சுனனை அலைக்கழிக்கிறாள். பவளக்கொடி தனக்கென்று ஒரு நாட்டோடு வருகிறாள். சதகண்ட ராவணன் கதையில் நூறு தலை அரக்கனைக் கொல்வது சீதை. வீட்டுக்குள் அடைபட்ட பெண்கள் நிறைந்த காலத்தில், வாளெடுத்த பெண்ணைப் பற்றிய கதைக்கு அத்தனை கேட்பார் இருந்தார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்டோர் போராடியபோது, என். கே. ரகுநாதன் முருகனையே கதைமாந்தராக்கி ‘கந்தன் கருணை’ நாடகத்தை எழுதினார். கோயில் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கடவுளைத் தங்கள் பக்கம் அழைத்துக்கொண்ட கதை அது. இன்று வாட்பேட், பிரதிலிபி போன்ற இணையத் தளங்களில் இளம் பெண்கள் தமிழில் எழுதித் தள்ளுகிறார்கள். தொலைக்காட்சித் தொடரில் பிரித்துவைத்த ஜோடியைச் சேர்த்துவைப்பது, மோதலில் தொடங்கிக் காதலுக்கு மெல்ல நகர்வது, செத்துப்போன பாத்திரத்தைப் பிழைக்கவைப்பது, காயப்பட்டவனை ஒருத்தி பார்த்துக்கொள்வது என்று அவர்கள் விரும்பும் வகைகளை வாசித்தால், கேட்டுக்கொள்ள ஆளில்லாத ஒரு தலைமுறை ஆறுதலைத் தானே எழுதிக்கொள்வது புரியும். அங்கே ஒரு அத்தியாயம் வெளியானதும் வாசகர்கள் வாக்குவாதத்தில் இறங்குகிறார்கள். இந்த இடத்தில் அவன் இப்படிப் பேசமாட்டான், அவளுக்கு இவ்வளவு சீக்கிரம் கோபம் ஆறாது என்று பாத்திரத்தின் இயல்பைப் பிடித்துக்கொண்டு சண்டை நடக்கிறது. பாத்திரப் படைப்பு பற்றிப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் வகுப்பறைகளில் இந்தச் சூடு கிடைப்பதில்லை.

கல்கிக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்து முடிந்தபோது வாசகர்கள் திருப்தியடையவில்லை. நந்தினி என்ன ஆனாள், ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்விகள் மிஞ்சின. அவர் தனியே முடிவுரை எழுதி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியிலிருந்துதான் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார். பின்னாளில் அனுஷா வெங்கடேஷ் ‘காவிரி மைந்தன்’ எழுதினார். 2022, 2023இல் மணிரத்னத்தின் இரு படங்களும் வந்தபோது, கல்கியின் நந்தினிக்கும் திரையின் நந்தினிக்கும் நடுவே மறுபடி கட்சி பிரிந்தது. விக்கிரமன் எழுதினால் சரித்திர நாவல், பதினேழு வயதுப் பெண் கைத்தொலைபேசியில் எழுதினால் வெட்டிவேலை என்று நாம் பிரிப்பதற்கு வயதையும் அச்சையும் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இது திருட்டாகாதா என்ற கேள்வி நியாயமானது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், எழுத்தாளரின் ஆயுளுக்கும் அவர் மறைந்த பிறகு 70 ஆண்டுகளுக்கும் அவருடைய படைப்புக்குக் காவல் கொடுக்கிறது. வாழும் எழுத்தாளரின் பாத்திரத்தை எடுத்து அனுமதியில்லாமல் புத்தகம் போட்டு விற்பது தவறு, அதில் இரண்டு பேச்சு இல்லை. தமிழில் எழுதிப் பிழைப்பது எவ்வளவு கடினமென்று தெரிந்தவர் யாரும் அதை ஆதரிக்க மாட்டார். ஆனால் காசு வாங்காமல், மூலம் எதுவென்று தலைப்பிலேயே சொல்லி, நண்பர்களுக்காக எழுதிப் பழகுவதை அதோடு சேர்த்துத் தண்டிக்கக் கூடாது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டன. இதிகாசங்களும் கூத்துக்கதைகளும் எல்லோருக்கும் சொந்தம். எழுதிப் பழகுவதற்கு அவையே போதும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இணையத் தமிழ்க் கதைகளில் மிகவும் ஓடுகிற வகைகளில் ஒன்று, பெண்ணை மிரட்டிக் கல்யாணம் செய்துகொள்ளும் ‘ஆன்டி ஹீரோ’ கதை. அவன் அடிக்கிறான், அடைத்துவைக்கிறான், கடைசியில் அவள் அவனையே காதலிக்கிறாள். இதைப் பதின்ம வயதினர் ஆயிரம் பக்கம் வாசிக்கிறார்கள் என்பது எந்தப் பெற்றோரையும் கலங்கவைக்க வேண்டிய செய்தி. விருப்பம் என்பதாலேயே அது சரியாகிவிடாது. ஆனால் தடை போட்டால் வாசிப்பு ஒளிந்து நடக்கும், எதிர்த்துப் பேச ஆளிருக்காது. அதே கதையை அந்தப் பெண்ணின் வாயிலாக எழுதிப் பார் என்று ஒரு ஆசிரியர் மாணவியிடம் சொன்னால், பூட்டிய கதவுக்குள் அவள் என்ன நினைத்தாள் என்று எழுதியாக வேண்டும். அப்போது கதை முன்புபோல முடியாது. எரிந்த கட்சி மட்டுமே பாடிக்கொண்டிருந்தால் லாவணி நடக்காது. இந்த இணையக் கதைகளில் இல்லாதது எதிரே உட்கார்ந்து பாடும் கட்சிதான்.

இலங்கையில் வாழும் நமக்கு இன்னொரு அச்சமும் உண்டு: புனைவு வரலாறாகிவிடும் அபாயம். இராவணனைச் சிங்கள மன்னனாகவும் விமானம் ஓட்டிய விஞ்ஞானியாகவும் காட்டும் பேச்சு கடந்த சில பத்தாண்டுகளில் பெருகியிருக்கிறது. 2019இல் விண்ணுக்குப் போன நாட்டின் முதல் செயற்கைக்கோளுக்கும் ராவணா-1 என்றே பெயர். சீகிரியாவையே இராவணன் கோட்டை என்று காட்டும் காணொளிகள் உலவுகின்றன. தமிழர் பக்கத்திலும் இராவணனை நம் இனத்து மன்னன் என்று சத்தியம் செய்வோருக்குக் குறைவில்லை. இந்த அச்சத்தை நானும் பகிர்கிறேன். ஆயினும் இதற்குக் காரணம் திருத்தி எழுதுகிறவர்களல்லர். தான் சொல்வது கற்பனை என்று அறிவித்துவிட்டு எழுதுகிறவர் யாரையும் ஏமாற்றுவதில்லை. 1946இல் புலவர் குழந்தை இராவணனை நாயகனாக்கிக் காவியம் பாடினார். அடுத்துப் பேராதனையில் சு. வித்தியானந்தன் மேடையேற்றிய ‘இராவணேசன்’ கூத்து இன்னொரு இராவணனைக் காட்டியது. கம்பனின் இராவணனும் கூடவே இருக்கிறான். மூவரையும் அறிந்த மாணவனிடம், நான்காவதாக ஒருவர் வந்து என் இராவணன் மட்டுமே மெய் என்று சொன்னால் எளிதில் எடுபடாது. ஒரே ஒரு வடிவத்தை மட்டும் கேட்டு வளர்ந்தவன்தான் அதற்காகச் சண்டைக்குப் போவான்.

எனவே கல்வி அமைச்சு நடத்தும் தமிழ் மொழித் தினப் போட்டிகளில் மறுகதை எழுதுவதற்கென்று ஒரு பிரிவு சேர்க்கப்பட வேண்டும். கட்டுரைக்கும் கவிதைக்கும் சிறுகதைக்கும் இடம் இருக்கிறது, ஆண்டுதோறும் அதே வெள்ளப் பேரழிவும் அதே தாயன்பும் தலைப்பாகின்றன. அவற்றுக்குப் பக்கத்தில், பாடப்புத்தகத்தில் உள்ள ஒரு கதையை எடுத்து வேறொரு பாத்திரத்தின் நோக்கில் எழுதச் சொல்லலாம். மூலத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும், எங்கே ஏன் விலகினோம் என்று ஒரு பந்தி விளக்கம் இணைக்க வேண்டும் என்ற இரண்டு விதிகள் போதும். அந்த விளக்கப் பந்திக்கே பாதிப் புள்ளிகள் கொடுக்கலாம், மாணவர் மூலத்தை எவ்வளவு வாசித்தார் என்று அங்கே தெரிந்துவிடும். புத்தகக் கடை எட்டாத, நூலகத்தில் புது நூல் குறைந்த நாவுல போன்ற ஊர்ப் பாடசாலைகளுக்கு இது செலவில்லாத வழி. காமன் கூத்தின் ரதி புலம்பலைப் பாட்டியிடம் கேட்ட தோட்டத்துப் பிள்ளை, நகரத்துப் பிள்ளையைவிட ஒரு படி முன்னால் நின்று அந்தப் போட்டியில் எழுத முடியும். வார இதழ்களும் தங்கள் சிறுவர் பக்கத்தில் மாதம் ஒரு மறுகதைக்கு இடம் விடலாம். அடுத்த வாரம் அதற்கு மறுப்பாக எழுதப்படும் கதையையும் அதே பக்கத்தில் வெளியிடலாம்.