கக்கத்துல கை குடுத்து தூக்காதீங்க!

இதய ஆபரேஷன் முடிஞ்சு குழந்தை வீட்டுக்கு வந்துச்சுன்னா, ராசிபுரம் பக்கம் சொந்தபந்தம் மொத்தமும் பாக்கக் கிளம்பிடும். ஆப்பிள், ஹார்லிக்ஸ், கூடவே சளி இருமல். அப்புறம் "வாடா தங்கம்"னு கக்கத்துல கை குடுத்து ஒரே தூக்கு! பெரும்பாலும் மார்பெலும்பை அறுத்துத்தான் ஆபரேஷனே பண்ணியிருப்பாங்க சாமி. அது ஒண்ணு சேர சுமார் 6 வாரம் ஆகும். அதுவரைக்கும் முதுகுக்கு ஒரு கை, பிட்டத்துக்கு அடியில ஒரு கை.

ஆபரேஷன் செலவுக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டம் இருக்கு, நல்லது. வீட்டுக்கு வந்தப்புறம்? எந்த மருந்து எத்தனை மில்லி, மூச்சு வாங்குனா என்ன செய்யணும்... எல்லாம் அந்த அம்மா தலையில. 2021ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' பிபி, சுகர்காரங்களுக்கு வீடு தேடி மாத்திரை குடுக்குது. இந்தக் குழந்தைங்களுக்கும் முதல் மாசம் வாரம் ஒருக்கா நர்ஸை அனுப்பினா என்னங்க?

அதுவரைக்கும் நாம போன்லயே விசாரிச்சுக்கலாம். ஆப்பிளை வாசல்லயே குடுத்துட்டு வாங்க :-)