பாய்லருக்குச் சான்றாளர், கழிவுநீருக்கு யார்? – சுற்றுச்சூழல் படித்தோர், பணிபுரிவோரின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், பல்கலைக்கழகங்களுக்கும், சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துவோருக்கும், பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும்:

நாங்கள் சுற்றுச்சூழல் அறிவியலும் சுற்றுச்சூழல் பொறியியலும் படித்தவர்கள். எங்களில் சிலர் சாயக்கழிவு நிலையங்களில் ஷிப்ட் பார்க்கிறோம். சிலர் ஆய்வகங்களில் மாதிரி சோதிக்கிறோம். சிலர் ஆலோசனை நிறுவனங்களுக்காகக் காடுமேடெல்லாம் அலைந்து மரம் செடிகளின் பட்டியல் எடுக்கிறோம். படித்ததற்குச் சம்பந்தமே இல்லாத வேலைக்குப் போய்விட்டவர்களும் கணிசமாக இருக்கிறோம். பட்டம் எதுவும் இல்லாமல், ஏரேஷன் டேங்க் ஓரத்தில் நின்றே தொழில் கற்ற ஆபரேட்டர்களும் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள். பல விஷயங்களில் அவர்கள்தான் எங்களுக்கு வாத்தியார்கள்.

ஒரு சாய ஆலையில் பாய்லர் இருந்தால், அதை இயக்கத் தேர்வெழுதித் தகுதிச் சான்று வாங்கிய ஆள் இருக்க வேண்டும். பாய்லருக்கான சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. மின்சார வேலைக்கு ஒயர்மேன் சான்று வேண்டும். கனரக வண்டி ஓட்ட உரிமம் வேண்டும். அதே ஆலையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். நாளொன்றுக்குப் பல லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தை இயக்குபவருக்கு இப்படி ஒரு உரிமத் தேர்வே கிடையாது. நேற்றுவரை வேறு வேலை பார்த்தவர் இன்று இரவு ஷிப்டில் தனியாக நிற்கலாம். 1974-ன் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஆலைக்கு வாரியத்தின் இசைவாணை கேட்கிறது, வெளியேறும் நீருக்கு வரம்பு வைக்கிறது. அந்த வரம்பைக் காப்பாற்றும் ஆளை மட்டும் மறந்துவிட்டது. ஐம்பது ஆண்டுகளாக நாம் எந்திரத்தை வாங்கியிருக்கிறோம், ஆளை உருவாக்கவில்லை. எங்கள் கோரிக்கைகள் எல்லாம் இந்த ஒரு குறையிலிருந்தே வருகின்றன.

இதன் விலை என்னவென்று நொய்யல் ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பாசனத்துக்காக அந்த ஆற்றின் குறுக்கே 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயத்தண்ணீர் தேங்கும் குட்டையானது. 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு சொட்டுக்கூட வெளியேற்றக் கூடாது என்றது. அது நடக்காமல் போக, 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய ஆலைகளையும் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது. பிறகு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது, எந்திரங்கள் வந்தன, நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உயிரியல் சுத்திகரிப்பு, அதற்குப் பின் பல கட்ட ஆர்.ஓ., மிஞ்சும் உப்புத் தண்ணீருக்கு எவாப்பரேட்டர், மீட்ட சோடியம் சல்பேட் மறுபடி சாயத் தொட்டிக்கு என்று இன்று அங்கே ஓடுவது உலகமே வந்து பார்க்கும் தொழில்நுட்பம். அதை ராத்திரி இரண்டு மணிக்கு ஓட்டுகிறவரின் சம்பளச் சீட்டைப் பார்க்கத்தான் யாரும் வருவதில்லை.

முதல் கோரிக்கை: இயக்குநருக்கு உரிமம்

ஒரு நல்ல ஆபரேட்டர் ஷிப்டுக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை, ஏரேஷன் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் மொண்டு அளவு ஜாடியில் ஊற்றி அரை மணி நேரம் அசைக்காமல் வைப்பது. சேறு பழுப்பு நிறத்தில் திரண்டு இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நின்றால் நிலையம் நலம். கறுத்துப்போய் அழுகிய முட்டை வாடை அடித்தால் ப்ளோயர் கொடுக்கும் காற்று போதவில்லை. அடியில் இறங்காமல் உப்பி நின்றால் இழைவகை பாக்டீரியா பெருகிவிட்டது. இப்போதே கவனிக்காவிட்டால் சேறு தெளிவுத் தொட்டியைத் தாண்டிப் போய் வடிகட்டிகளையும், அடுத்து ஆர்.ஓ. மெம்பரேனையும் அடைத்துவிடும். ஒரு லிட்டர் ஜாடியும் கடிகாரமும் இருந்தால் போதும், செலவே இல்லாத சோதனை. ஆனால் பார்ப்பதற்குப் பழகிய கண் வேண்டும். எம்.இ. முடித்துவிட்டு இந்த ஜாடியைக் கையால் தொடாதவர்கள் எங்களில் உண்டு. ஜாடியைப் பார்த்தே நிலைமையைச் சொல்லிவிடும் ஆபரேட்டருக்கோ அந்தத் திறமைக்கு ஒரு துண்டுக் காகிதச் சான்றுகூட இல்லை.

ஆகவே கழிவுநீர், கழிவகற்றல் நிலையங்களை இயக்குவோருக்கு மூன்று படிநிலை கொண்ட அரசு உரிமம் கொண்டுவர வேண்டும். தேர்வு தமிழில் நடக்க வேண்டும். எழுத்துத் தேர்வைவிடச் செய்முறைக்கு மதிப்பெண் கூடுதலாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் அனுபவத்தைக் கணக்கில் எடுத்து நேரடியாகச் செய்முறைத் தேர்வுக்கு அனுமதிக்க வேண்டும், பட்டம் இல்லை என்று யாரையும் வெளியே தள்ளக் கூடாது. இசைவாணையில் உரிமம் பெற்ற இயக்குநரின் பெயர் இருக்க வேண்டும். நிலையம் திணறும்போது ஆலையிலிருந்து வரும் கழிவுநீரை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். அமெரிக்காவில் குடிநீர் நிலைய இயக்குநர்களுக்கான சான்றிதழ் முறைக்கு 1996-ன் சட்டத் திருத்தமே வழிசெய்தது. அங்கே முடிந்தது இங்கே முடியாததற்குக் காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது: காலியிடங்களும் தகுதிப் பட்டியலும்

நாடு முழுவதும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் அனுமதிக்கப்பட்ட இடங்களில் ஏறக்குறைய பாதி காலி என்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன்பே வைக்கப்பட்ட கணக்கு. ஆள் இல்லாத வாரியம் எப்படி ஆய்வுக்குப் போகும்? தமிழ்நாடு வாரியம் தன் அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரம்பியது, காலி என மாவட்ட வாரியாக ஆண்டுக்கு இருமுறை வெளியிட வேண்டும். காலியிடங்களை நிரப்ப, பள்ளி ஆசிரியர் தேர்வுக்கு இருப்பதுபோல ஆண்டு அட்டவணை வேண்டும்.

பணி அறிவிப்பு வந்தால் அடுத்த தலைவலி தகுதி. சிவில், கெமிக்கல் என்று இருக்கும், சுற்றுச்சூழல் பொறியியல் என்று தனியே படித்தவர் தன் பட்டம் இணையானதுதானா என்று அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். பாடத்தைத் தொடங்க அனுமதி கொடுப்பதும் அரசு, அந்தப் பாடத்தைத் தெரியாது என்பதும் அரசு. இணைத் தகுதி அரசாணை ஒன்றைத் தெளிவாக, எல்லாத் துறைக்கும் பொதுவாக வெளியிட்டால் தீர்ந்தது.

மூன்றாவது: படிப்பு

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் பொறியியல் படித்த யாரைக் கேட்டாலும் ‘சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும்’ என்ற தாளை நினைவு வைத்திருப்பார்கள், முதல்நாள் ராத்திரி படித்துத் தேறிய தாளாக. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்சநீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைப் பாடமாக்கச் சொன்னது. பின்னாளில் இளநிலை மாணவர் எல்லாருக்கும் அது கட்டாயமானது. பல கல்லூரிகளில் அதை நடத்துவது வேறு துறை ஆசிரியர்கள், பாட நேரத்தை நிரப்புவதற்காக. அந்தத் துறையிலேயே முதுகலை முடித்தவர்கள் வெளியே வேலை தேடுகிறார்கள். இந்தத் தாளை நடத்த அத்துறையில் பட்டம் பெற்றவரையே நியமிக்க வேண்டும்.

எங்கள் துறை மாணவர்களுக்கு ஆறு மாதம் ஊதியத்தோடு நிலையப் பயிற்சி வேண்டும். தொழிற்பழகுநர் சட்டம் 1961-லிருந்தே இருக்கிறது, புதிதாக எதுவும் இயற்ற வேண்டியதில்லை. அந்த ஆறு மாதத்தில் பி.எச். மீட்டரை அளவுதிருத்தவும், ஜார் சோதனை செய்து படிகாரத்தின் அளவைக் கண்டுபிடிக்கவும், பம்ப் ஏன் தண்ணீர் தூக்கவில்லை என்று பார்க்கவும், புகைபோக்கியில் ஏறி முறைப்படி மாதிரி எடுக்கவும், செயற்கைக்கோள் படத்தை வரைபடமாக்கவும், ஒரு இசைவாணையை வரி வரியாகப் படித்துப் பொருள் சொல்லவும் தெரிந்துகொள்ள வேண்டும். ‘நான் முதல்வன்’ திட்டத்தில் எத்தனையோ கணினிப் பயிற்சிகள் இருக்கின்றன. சேற்றில் கால் வைக்கும் பயிற்சி ஒன்றும் சேரட்டும். முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் நல்ல முயற்சி, வரவேற்கிறோம். ஆனால் அது சிலருக்கு மாவட்ட நிர்வாகத்தில் கிடைக்கும் அனுபவம். ஆயிரக்கணக்கானோருக்கு வேண்டியது நிலையத்தில் கிடைக்கும் அனுபவம்.

நான்காவது: பொய்க் கணக்கு எழுத மாட்டோம் என்று சொல்லும் உரிமை

நேரடியாகவே சொல்கிறோம். கரிமக் கழிவின் அளவைச் சொல்லும் பி.ஓ.டி. சோதனைக்கு நம் விதிமுறைப்படி மாதிரியை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். மாதிரி எடுத்த மறுநாள் பி.ஓ.டி. முடிவு அச்சாகி வந்தால் அது சோதனையே இல்லை, யாரோ எழுதிய எண். அப்படி எழுதச் சொல்லப்பட்டவர்கள் எங்களில் இருக்கிறார்கள். வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்றால் தாளில் 24, 26, 22 என்று வரும். மறுத்தவர் மறுமாதம் வேலையில் இருக்க மாட்டார். காரணம் எளிது: அளப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது அளக்கப்படுபவர்.

இதற்கு மாற்று உண்டு, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். குஜராத்தில் எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் அந்த மாநில வாரியத்தோடு சேர்ந்து ஒரு பரிசோதனை நடத்தினார்கள். தணிக்கையாளரை ஆலை தேர்ந்தெடுக்காமல் குலுக்கல் முறையில் ஒதுக்கி, ஊதியத்தைப் பொது நிதியிலிருந்து கொடுத்து, அவர்கள் தரும் எண்களில் சிலவற்றை மறுபடி அளந்து பார்த்தார்கள். தணிக்கை அறிக்கைகள் உண்மை பேசின, ஆலைகளும் மாசைக் குறைத்தன. 2013-ல் அந்த ஆய்வு வெளியானது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளைக் கொண்டுவந்து, பதிவு பெற்ற தணிக்கையாளர் என்ற புதிய தொழிலையே உருவாக்கியிருக்கிறது. எங்கள் தலைமுறைக்கு இது பெரிய வாசல். அதில் நுழைவதற்கான தேர்வு தமிழிலும் நடக்க வேண்டும், களத்தில் வேலை செய்த ஆண்டுகளைக் கேட்க வேண்டும். கட்டணத்தை ஆலையிடமிருந்து நேரே வாங்காமல் பொது நிதி வழியே கொடுக்க வேண்டும்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளிலும் இதே நோய்தான். களத்தில் நடந்து பறவையை எண்ணியவர் ஒருவர், அறிக்கையில் நிபுணர் என்று கையெழுத்திடுபவர் வேறொருவர். களப்பணி செய்தவரின் பெயரும் தேதியும் அறிக்கையில் வர வேண்டும். சுருக்கத்தை மட்டும் தமிழில் கொடுத்துவிட்டு மக்கள் கருத்துக் கேட்பு நடத்துவதும் போதாது. முழு அறிக்கையும் தமிழில் வேண்டும். மொழிபெயர்க்கத் தெரிந்த துறைப் பட்டதாரிகள் இருக்கிறோம், கூப்பிடுங்கள்.

ஐந்தாவது: உயிர்

2015 ஜனவரி இறுதியில், ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு நிரப்பிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுற்றுச்சூழலைக் காக்கும் நிலையமே ஆளைக் கொன்ற கதை இது. கழிவுநீர்த் தொட்டிகளில் ஹைட்ரஜன் சல்பைடு அதைவிடச் சத்தமில்லாமல் கொல்கிறது. அளவு கூடும்போது அது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். வாடை போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

நான்கு வாயு அளவுமானி, மேலே காவலுக்கு ஓர் ஆள், தூக்கியெடுக்க முக்காலியும் கயிறும் இல்லாமல் யாரையும் எந்தத் தொட்டியிலும் இறக்கக் கூடாது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்க மறுப்பது தொழிலாளியின் உரிமை என்று நிலைய வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. எங்களுக்கு வேண்டியது அந்தக் காசோலை தேவைப்படாத நிலைமை. ஆபத்து தொட்டியோடு முடிவதில்லை: 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர்கள் பக்கெட்டால் அள்ளியதை நாடே பார்த்தது. பயிற்சி பெற்ற அவசரக் குழு ஒவ்வொரு தொழிற்பேட்டை மாவட்டத்திலும் இருக்க வேண்டும், அதில் அந்தந்த ஊர் ஆட்களுக்குச் சம்பளத்தோடு இடம் வேண்டும்.

ஆறாவது: ஒப்பந்ததாரர் மாறினால் எங்கள் பணிக்காலம் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. நிலையம் அதே, வேலை அதே, ஆளும் அதே. பணித்தொடர்ச்சி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆகியவை டெண்டர் நிபந்தனையாக வேண்டும். இந்தப் படிப்பில் பெண்கள் நிறைய. ‘பெண் பிள்ளைக்கு ஆய்வகம் போதும்’ என்று நிலையத்துக்குள் விடாமல் வைப்பதை நிறுத்துங்கள். கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் இரவுப் போக்குவரத்தும் கொடுங்கள், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஏழாவது: வேலை இல்லை என்று எங்களிடம் சொல்லாதீர்கள். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். நெம்மேலியில் 15 கோடி லிட்டர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024-ல் திறக்கப்பட்டது, பேரூரில் 40 கோடி லிட்டருக்கு வேலை நடக்கிறது. குப்பை மேடுகளை அகழ்ந்து பிரிக்கும் பணி ஊர் ஊராக ஓடுகிறது. இப்படி ஒரு திட்டம் அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் எத்தனை கோடி, எத்தனை லிட்டர் என்பதோடு எத்தனை ஆள், என்ன தகுதி, என்ன சம்பளம் என்பதையும் அதே அறிவிப்பில் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் மாணவருக்கும் ஒரு வார்த்தை. கல்லூரியில் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஆய்வகத்தில் பி.ஓ.டி. இன்குபேட்டர் ஓடுகிறதா, காட்டுங்கள். எந்த நிலையத்தோடு பயிற்சி ஒப்பந்தம் இருக்கிறது, தாளைக் காட்டுங்கள். போன ஆண்டு முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், இரண்டு பேரோடு பேச வையுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தச் சாசனத்தை ஏற்பவர்கள், நிலையத்தில் வேலை செய்பவராக இருந்தாலும் அந்த நிலையத்துக்குக் கீழே கிணறு வைத்திருப்பவராக இருந்தாலும், கையெழுத்திட்டு உங்கள் ஊர் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். திருத்தம் இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள்.