தமிழ் வழியே ஆங்கில இலக்கணம்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டைச் சுட்டித் தமிழில் ‘இது பூட்டு’ என்றால் போதும். ஆங்கிலத்தில் ‘திஸ் இஸ் எ லாக்’ என நான்கு சொற்கள் வேண்டும். இவ்வூர் மாணவர் ‘இஸ்’, ‘எ’ ஆகியவற்றை விட்டுவிட்டால் அது அறியாமையன்று. தாய்மொழி இலக்கணத்தின் தாக்கம் என்றே கருதுகிறேன்.

‘வந்தாள்’ என்னும் வினைமுற்றிலேயே காலம், பால், எண், இடம் அடங்கிவிடுகின்றன. ஆங்கில வினைக்கு ‘ஷி’ என்னும் எழுவாய் தேவை. வேற்றுமை உருபுகள் இருப்பதால் தமிழில் சொற்களை இடம் மாற்றலாம். ஆங்கிலத்தில் மாற்றினால் பொருளே மாறிவிடும்.

2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. ஆனால், வீட்டில் ஆங்கிலம் கேளாத பிள்ளைக்கு வகுப்பறையே ஒரே வாசல். அங்கும் விதிகளை மனப்பாடம் செய்வித்தால் மதிப்பெண் கிடைக்கலாம். சொந்தமாக வாக்கியம் அமைக்க வராது. இருமொழி வாக்கியங்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதி ஒப்பிடும் பயிற்சி பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். அதற்குப் பெருநிதி தேவையில்லை. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கலந்து திட்டமிட வாரம் ஒரு பாடவேளையை அரசு ஒதுக்கினால் போதும்.