கூட வந்தவர் கையில் ஒரு தாள்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கத் தொடங்கினால், வெளிக்கதிரும் உள்கதிரும் சேர்ந்து 56 நாளுக்குள் முடிந்தாக வேண்டும். இழுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்யும் நமக்கு இது பாலபாடம். செஞ்சிப் பக்கத்து அனந்தபுரத்திலிருந்து மாமியாரை அழைத்துவரும் மருமகளுக்கு இதை யாராவது சொன்னோமா?

செஞ்சி வட்டாரத்து நோயாளிகள் முண்டியம்பாக்கத்தில் காட்டிவிட்டு, புதுவை ஜிப்மருக்கோ காஞ்சிபுரம் காரப்பேட்டைக்கோ அடையாறுக்கோ போகிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் கரண்ட், ஒரு நாள் கீமோ. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைத் தாங்கும். கூட வருபவர் இழக்கும் கூலியைத் தாங்காது. மல்லாட்டை பிடுங்கும் காலமென்றால் துணைக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு. இரண்டு நாள் வரவில்லையா, 'டீஃபால்ட்டர்' என்று எழுதி நம் கடமையை முடித்துக்கொள்கிறோம்.

அந்த மருமகளின் மஞ்சப்பையைக் கொட்டிப் பாருங்கள். பயாப்சி முடிவு, மூன்று ஊர் ஓ.பி. சீட்டு, சி.டி. படம், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், மழையில் பாதி எழுத்து கரைந்த ரத்தப் பரிசோதனைத் தாள். அடுத்த கீமோ என்றைக்கு, அதற்கு முன் ரத்தம் எங்கே கொடுப்பது, ராத்திரியில் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பது மட்டும் எதிலும் இல்லை. பையில் உள்ளதெல்லாம் நமக்கு நாமே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டவை. அவருக்கு வேண்டியதை அவர் தலையில் சுமக்கிறார், அடுப்பையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து. 'ஸ்டேஜ்' என்ற சொல் காதில் விழுந்த பிறகு நாம் சொன்ன மீதி எதுவும் அவருக்குள் இறங்கியிருக்காது.

இன்னொரு சுமையும் உண்டு. "கட்டின்னுதான் சொல்லி வச்சிருக்கோம் சிஸ்டர், அவங்களுக்குத் தெரியக் கூடாது." அன்பினால் சொல்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஃபைல் பரணுக்குப் போய்விடுகிறது. தேதிகளைச் சுவரில் ஒட்ட முடியாது. தன் நாள்களைத் தானே எண்ணிச் சொல்லக்கூடிய நோயாளி கணக்கிலேயே இல்லை. சிகிச்சையையும் ரகசியத்தையும் ஒரே ஆள் காக்க வேண்டியிருக்கிறது. குடும்பத்தின் விருப்பம் என்று நாம் ஒதுங்குவது எனக்கு உடன்பாடில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியையே மெல்லக் கேட்கலாம். பெரும்பாலும் அவர் ஏற்கெனவே ஊகித்திருப்பார். ஜிப்மர் வாசல் பலகையை வாசிக்கத் தெரியாதவர்கூட வரிசையில் உடன் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசுகிறார்.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். செயலி வேண்டாம். தமிழில், பெரிய எழுத்தில், செவிலியர் கையால் எழுதிய நான்கு வரி. அடுத்த வருகை, ரத்தப் பரிசோதனை நாள், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்காமல் கூப்பிட வேண்டிய எண். துணைக்கு வரக்கூடிய இரண்டாவது ஆள். காய்ச்சல் வரியை நின்று விளக்குங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் கீமோவாக இருந்தால், ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள்வரை வெள்ளையணு பெரும்பாலும் அடிமட்டத்தில் இருக்கும். பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைத்தால் காய்ச்சல் இறங்கும், கிருமி இறங்காது. சொல்லி முடித்ததும் அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

ஓ.பி. நெரிசலில் இதற்கெல்லாம் நேரமேது என்பீர்கள். நியாயம்தான். ஆனாலும் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இத்துறையின் முக்கியமான வாசலொன்று நம் ஊரில் திறந்ததே உடனிருந்த ஒருவரால்தான்.

நான்காவது வரிக்கு "வேற யாரும் இல்லைங்க" என்று பதில் வந்தால், அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட வேண்டாம். அன்றைக்கே சமூகப் பணியாளரிடம் அனுப்புங்கள். அவர்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலிநிவாரணச் சேவை உண்டு. அந்தச் சேவையின் நம்பரை நான்காவது வரியில் எழுதிக் கொடுங்கள்.