படத்தில் 10 அடி ரூம்... கட்டினால் எட்டே முக்கால் அடி!

மனை வாங்கியதும் முன்பெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் பேனாவால் கட்டம் போட்டு மேஸ்திரியிடம் நீட்டுவார்கள். இப்போது திருவண்ணாமலையிலும் அந்த வேலையை மகனோ மகளோ போனில் முடித்துவிடுகிறார்கள். சோபா, டி.வி., ஜன்னலுக்கு வெளியே புல்வெளி என்று பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த ஆப் அழகாகக் காட்டுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால், கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் பீரோ கதவைத் திறக்க இடமிருக்காது.

ஒரு சின்னக் கணக்கு. வீட்டின் வெளி அகலம் 20 அடி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெட்ரூம். ஆளுக்கு 10 அடி என்று படத்தில் கோடு போட்டுவிடுகிறோம். நம் ஊர் செங்கல் சுவர் 9 அங்குலம். வெளிச்சுவர் இரண்டு, நடுச்சுவர் ஒன்று, ஆக 27 அங்குலம் சுவருக்கே போய்விடும். மிச்சத்தை இரண்டாகப் பிரித்தால் ஒரு ரூமுக்கு 8 அடி பத்தரை அங்குலம். பூச்சு வேலை முடிந்தால் இன்னும் ஓர் அங்குலம் காலி. அதில் 6 அடி கட்டிலும் 2 அடி பீரோவும் போட்டால் நடுவில் ஓர் அடிகூட மிஞ்சாது.

அதனால் எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும் முதலில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். சுவரின் தடிமனை நாமே மாற்ற முடிகிறதா? அடி, அங்குலத்தில் அளவு காட்டுகிறதா? மேஸ்திரிக்கு மீட்டரில் சொன்னால் அவர் மறுபடி டேப்பை எடுப்பார். வரைந்ததை அளவுகளோடு பிரின்ட் எடுக்க முடிகிறதா?

வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் என் ஓட்டு 'ஸ்வீட் ஹோம் 3டி'க்குத்தான். 2006-ல் இருந்து இருக்கும் இலவச சாஃப்ட்வேர். டவுன்லோடு செய்துவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். மேலே கேட்ட மூன்றும் இதில் உண்டு. ஆனால் முதலில் அது போடும் சுவர் மெலிசானது, செட்டிங்ஸில் 9 அங்குலம் என்று மாற்றிவிட்டு வரைய ஆரம்பியுங்கள்.

போன் மட்டும்தான் என்றால் 'பிளானர் 5டி' சுலபம். படமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் சில வசதிகளுக்குக் காசு கேட்கும். மூன்று நாள் ராத்திரி உட்கார்ந்து முழு வீட்டையும் வரைந்த பிறகு அது தெரியவந்தால் எரிச்சல்தான். ஒரே ஒரு ரூமை வரைந்து, சேமித்து, பிரின்ட் வரைக்கும் போய்ப் பார்த்துவிடுங்கள். 'ஆட்டோகேட்' இன்ஜினீயர்களின் ஆயுதம், நமக்கு வேண்டாம்.

அடுத்து மாடிப்படி. ஆப்பில் படிக்கட்டும் ஒரு பர்னிச்சர் மாதிரிதான், ஓரத்தைப் பிடித்து இழுத்தால் 6 அடிக்குள்கூடச் சுருங்கும். நிஜத்தில் 10 அடி உயரம் ஏற, ஒரு படி 7 அங்குலம் என்றால் 17 உயரங்கள் வேண்டும். கால் வைக்கும் பலகை 10 அங்குலம் என்று வைத்தால், நேராக ஏறும் படிக்கு 13 அடிக்கு மேல் நீளம் தேவை. பாட்டி முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறப்போகும் படி அது, சுருக்காதீர்கள்.

திருவண்ணாமலைக்காரர்களுக்குத் திசை சொல்லித்தர வேண்டியதில்லை. கிரிவலப் பாதையின் அஷ்ட லிங்கங்களே எட்டுத் திசைக்கும் கணக்கு. ஆனால் அக்னி மூலையில்தான் அடுப்பு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஆப்புக்குத் தெரியாது. மனையில் நின்று போன் காம்பஸில் வடக்கைப் பாருங்கள். பைக்குக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம், முள் ஏமாற்றும். ஸ்வீட் ஹோமில் திசைகாட்டியைத் திருப்பி வைக்கும் வசதி இருக்கிறது. இதை இப்போதே செய்துவிட்டால் அஸ்திவாரம் தோண்டும் அன்று சமையலறைச் சண்டை வராது.

ஆனால் எந்த ஆப்பும் சொல்லாத ஒன்று இருக்கிறது. திரையில் எல்லா மனையும் கேரம் போர்டு மாதிரி சமதளம். மலையடிவார ஊரில் அப்படி இல்லை. 2024 டிசம்பர் 1-ம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் இறந்ததை இந்த ஊர் மறக்காது. சரிவில் மனை இருந்தால் ஆப்பைத் திறப்பதற்கு முன்னால் ஓர் இன்ஜினீயரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கீழே சமவெளியில் என்றாலும் மழைத்தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, தெருவைவிட மனை எவ்வளவு பள்ளம் என்று மேஸ்திரியை டியூப் லெவல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸ்மட்ட உயரம் அதில்தான் முடிவாகும்.

அனுமதி விஷயமும் மாறியிருக்கிறது. 2024 ஜூலையில் இருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை குடியிருப்பு கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது. முன்கூட்டியே யாரும் இடத்தைப் பார்க்க வரமாட்டார்கள். சௌகரியம்தான், ஆனால் அளவு தப்பினால் பொறுப்பு கையெழுத்துப் போட்ட நமக்கு. பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை இன்ஜினீயரிடம் கேட்டுக்கொண்டு, மிச்ச இடத்துக்குள் வரையுங்கள்.

பிளான் முடிந்ததா? இப்போது இருக்கும் வீட்டு மொட்டைமாடியில் ஒரு பெட்ரூமை மட்டும் கோலமாவால் நிஜ அளவில் போடுங்கள், சுவர் தடிமன் உட்பட. பழைய பாய் ஒன்றைக் கட்டிலாக விரித்து, எல்லோரும் உள்ளே நடந்து பாருங்கள். இடிக்கிற இடத்தை அன்று ராத்திரியே லேப்டாப்பில் திருத்திவிடலாம்.