கம்பி கட்டிய பற்களுக்கு ஐந்து நிமிடம்

பல் போனால் சொல் போயிற்று என்பது முதுமொழி. அதனால்தானோ என்னவோ, பல்லைக் காப்பது வயதானவர்களின் கவலை என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். ஆனால் பல்லுக்குக் ‘கிளிப்’ போட்ட மாணவியர் நம் வகுப்பறைகளில் பலர் இருக்கிறோம். எங்களைப் பார்த்து, “அழகுக்காக இத்தனை பாடா?” என்று கேட்போர் உண்டு. “நாளைக்குப் பெண் பார்க்க வருவார்களே, அதற்குத்தான்!” என்று சிரிக்கும் அத்தைமாரும் உண்டு. இரண்டையும் நாங்கள் ஏற்பதற்கில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பற்களைத் துலக்குவதும் கடினம், அவற்றால் மெல்லுவதும் கடினம். ஆகவே இது உடல்நலத்தைச் சார்ந்த காரியமே.

ஆயினும் கம்பி பல்லை நேராக்குமேயன்றித் தூய்மையாக்காது. பல்லின்மீது ஒட்டிய சிறு உலோகத் துண்டு, அதனூடே செல்லும் கம்பி, அதைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் ஆகியவற்றின் இடுக்கில் தங்கும் உணவை நாக்கும் உமிழ்நீரும் எளிதில் அகற்ற இயலாது. அங்கே பெருகும் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. வாயின் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும் என்று வேதியியலில் மனப்பாடம் செய்கிறோமே, அது தேர்வுக்கு மட்டும் உரிய செய்தியா? கம்பியைச் சுற்றிச் சுண்ணாம்புபோல் வெள்ளைத் திட்டுகள் தோன்றுவது இதனால்தான். கவனியாது விட்டால் நான்கே வாரங்களில் அவை தோன்றக்கூடும். ஒரு முறை டாக்டரைப் பார்த்துவிட்டு மறுமுறை செல்வதற்குள் கெடுதல் நடந்துவிடுகிறது! 1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கம்பி கட்டிச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரு பல்லிலாவது இத்தகைய திட்டு காணப்பட்டது. பெற்றோர் பணம் செலவிட்டு, நாங்கள் வலி பொறுத்து, ஒன்றரை இரண்டு ஆண்டுகள் கழித்துக் கம்பியைக் கழற்றும்போது வரிசையான பற்களில் கறைதான் மிஞ்சுமென்றால் என்ன பயன்?

“எங்கள் காலத்தில் வேப்பங்குச்சிதான், ஒரு பல்கூடச் சொத்தையில்லை” என்பார் பாட்டி. பாட்டியின் பற்களை வணங்குகிறோம். ஆனால் அவர் வாயில் கம்பி இருந்ததில்லையே! குச்சியும், பற்பொடி தொட்ட விரலும் கம்பிக்கு அடியில் நுழையா. ஃபுளோரைடு கலந்த பற்பசையும் மென்மையான பிரஷும் வேண்டும். பிரஷைச் சாய்த்துப் பிடித்துக் கம்பிக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, பிறகு ஈறோரம் எனப் பொறுமையாகத் துலக்க வேண்டும். பாட்டில் கழுவும் பிரஷைச் சிறிதாக்கினாற்போல் ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கிறது. அது கம்பிக்கும் பல்லுக்கும் நடுவே நுழையும். ஈறில் இரத்தம் கசிந்தால் பயந்து அவ்விடத்தை விட்டுவிடுவது தவறு. பெரும்பாலும் அங்கேதான் அழுக்கு இருக்கிறது. இன்னும் மெதுவாக, இன்னும் நன்றாகத் துலக்க வேண்டும்.

முறுக்கு, கடலைமிட்டாய், கரும்பு எல்லாம் கம்பியைப் பெயர்ப்பவை. கொய்யாவை நறுக்கித் தின்னலாம். தோழியரின் பிறந்தநாள்தோறும் வரும் ஒட்டும் சாக்லேட்டை மறுப்பதுதான் மெய்யான தியாகம்! எவ்வளவு இனிப்பு தின்றோம் என்பதைவிட எத்தனை முறை தின்றோம் என்பதே பெரிது. ஒவ்வொரு முறைக்கும் ஏறத்தாழ அரைமணி நேரம் வாயில் அமிலம் ஆட்சி புரிகிறது.

காலையும் இரவும் வீட்டில் துலக்கிவிடுகிறோம். நடுப்பகல்தான் சிக்கல். சாப்பாட்டு மணிக்கும் வகுப்பு மணிக்கும் இடையில் உண்டு, டப்பா கழுவி, வரிசையில் நின்று குழாயை அடைவதற்குள் மணி அடித்துவிடுகிறது. பிரஷுடன் நிற்பவளைப் பார்த்து, “வீட்டில் பல் விளக்கவில்லையா?” என்ற கேலி வேறு. எங்கள் விண்ணப்பம் பெரிதன்று. கம்பி கட்டியவர்களுக்கென ஒரு குழாயை ஒதுக்கி, மணி அடித்தபின் ஐந்து நிமிடம் தாமதமாக வகுப்புக்குள் வர அனுமதி தர வேண்டும். கூடவே அங்கே ஒரு கண்ணாடியும் மாட்டினால் நல்லது. அலங்காரம் செய்துகொள்ளவோ என்று சிஸ்டர் ஐயுற வேண்டாம். கம்பியில் மாட்டிய கீரையைக் கண்ணாடியின்றிக் காண முடிவதில்லை.