நாய்க்குட்டியின் தாடையும் பல்லும் கோணுவது எதனால்?

வேலியும் விளக்கும் எத்தனை இருப்பினும், இரவிற் காவற்கொட்டிலில் ஒரு நாய் படுத்திருந்தாலன்றிக் கமக்காரன் நிம்மதியாகக் கண்ணயர்வதில்லை. பன்றியும் முள்ளம்பன்றியும் வந்துபோகும் இடங்களில் மரவள்ளியும் வற்றாளையும் செய்வோர் இதனை நன்கறிவர். அவ்வாறிருந்தும், பசுவின் மடியையும் எருதின் குளம்பையும் ஆராய்பவர் நாயின் வாயைத் திறந்து பார்ப்பதில்லை. பார்ப்பவருட் பலரும் அண்ணம் கறுப்போ சிவப்போ என்று கண்டு, அதைக்கொண்டு குட்டியின் வீரத்தைத் தீர்மானித்து, வாயை மூடிவிடுகின்றனர். அண்ணத்தின் நிறத்துக்கும் வீரத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அந்த நேரத்திற் பல்லைப் பார்த்திருந்தால் ஏதேனும் பயன் விளைந்திருக்கும்.

கீழ்த்தாடை முன்தள்ளிய குட்டி, மேற்றாடை நீண்டு கிளியின் அலகுபோல் மூடிய குட்டி, வாய் ஒரு புறம் கோணிய குட்டி ஆகியன பிறந்தால் வீட்டார் பலவாறு காரணம் கூறுவர். பிள்ளைகள் தூக்கிப் போட்டுவிட்டனர் என்பர். எலும்பு கடித்ததால் வந்தது என்பர். வீட்டுக்கு ஆகாத குட்டி என்றும் சொல்வர். பின்னர் அக்குட்டி சந்தையடியிலோ கோவில் வீதியிலோ விடப்படும். அடுத்த முறை அதே பெண்நாய் அதே ஆண்நாயோடு சேர்ந்து மீண்டும் அவ்வகைக் குட்டிகளையே ஈனும். குற்றவாளி வீட்டில் இருக்கக் குட்டியைத் துரத்துவது நீதியன்று.

தாடை நீளம் பொருந்தாமைக்கு முதற் காரணம் தாய் தந்தையரே. குட்டைமூக்கு நாய்களையும் நீண்டமூக்கு நாய்களையும் கலப்புச் செய்து, அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சாள்சு ஸ்ரொக்காட் என்பார் நடத்திய ஆராய்ச்சி 1941 இல் நூலாக வெளிவந்தது. மேற்றாடையின் நீளமும் கீழ்த்தாடையின் நீளமும் ஒன்றாய்க் கட்டுண்டு வருவனவல்ல, அவை தனித்தனியே மரபுவழி வரக்கூடியன என்பதை அவர் எடுத்துக் காட்டினார். ஆகவே தந்தையின் மேற்றாடையும் தாயின் கீழ்த்தாடையும் ஒரே வாயில் வந்து சேரலாம். நெற்செய்கையாளருக்கு இது புதிதன்று. கனத்த கதிரை ஓரினத்திலிருந்தும் நீண்ட தண்டை இன்னோரினத்திலிருந்தும் பெற்ற பயிர், கதிர் முற்றுமுன் சாய்ந்து விழுவதை அவர்கள் கண்டிருக்கின்றனர். இரண்டும் தனித்தனியே நல்லனவாயினும், சேர்க்கை நல்லதன்று.

பட்டணத்திலிருந்து விலைகொடுத்து வாங்கிய சப்பைமூக்கு நாயை ஊர்ப் பெண்நாயோடு சேர்த்து, குட்டிகளுக்கு விலை கூடும் என்று காத்திருப்போர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். புல்டோக், பொக்சர் முதலிய இனங்களிற் கீழ்த்தாடை முன்தள்ளியிருப்பதையே இனத்தின் இலக்கணமாக மனிதர் தெரிந்து வளர்த்தனர். ஊர்நாய் அவ்வாறு வந்ததன்று. தன் வாயால் தானே கடித்துத் தின்று பிழைத்தவற்றின் வழிவந்தமையால் அதன் தாடை பெரும்பாலும் நேராகவே இருக்கின்றது. கமத்துக் காவலுக்கு ஊர்நாயே சாலச் சிறந்தது. விலைகொடுத்து வாங்காதது என்னும் ஒரே காரணத்தால் அதன் அருமை தெரிவதில்லை.

எனினும், எல்லாக் கோணலையும் மரபின் தலையிற் சுமத்துவதும் தவறாகும். நாய்க்குட்டிக்குப் பாற்பற்கள் 28. அவை மூன்றாம் கிழமையளவில் முளைக்கத் தொடங்கி இரண்டு மாதத்துள் நிறைவுறும். நாலாம் மாதத்திலிருந்து அவை விழ, ஏழாம் மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். இக்காலத்திற் கவனிக்க வேண்டியது கோரைப்பல். கீழ்த்தாடையின் நிலைக் கோரைப்பல் பாற்பல்லின் உட்புறத்தில் முளைப்பதாகும். பாற்பல் விழாது நின்றால், புதிய பல் வெளியே வர வழியின்றி உள்நோக்கி நின்று, வாய் மூடுந்தோறும் அண்ணத்திற் குத்தும். அக்குட்டி தீனியருகே சென்று, சிறிது தின்று, விலகிப்போகும். வீட்டார் அதற்குப் பூச்சிமருந்து கொடுத்துக்கொண்டிருப்பர்! ஒரே இடத்தில் ஒரே வகைப் பற்கள் இரண்டு நிற்கக் காணின், தாமதியாது மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும். வீட்டிற் குறடு கொண்டு பிடுங்குதல் கூடவே கூடாது. பாற்கோரைப்பல்லின் வேர் நீண்டு மெலிந்தது. அது முறிந்து உள்ளே தங்கும். அருகிலுள்ள நிலைப்பல்லின் முளையும் பழுதாகும்.

உணவின் பங்கு அடுத்தது. 1918 இல் இங்கிலாந்தில் மே மெலன்பி என்னும் அம்மையார் நாய்க்குட்டிகளின் உணவை மாற்றிக் கொடுத்துப் பற்களை ஆராய்ந்தார். பின்னாளில் விற்றமின் டி எனப் பெயர்பெற்ற சத்து குறைந்த குட்டிகளிற் பாற்பற்கள் காலந்தாழ்த்தி விழுந்தன. நிலைப்பற்கள் பிந்தி, ஒழுங்கின்றி முளைத்தன. பல்லின் மேற்பூச்சும் குறைவுற்றது. இந்நாட்டு வெயிலில் ஓடித்திரியும் குட்டிக்கு அச்சத்து எவ்வாறு குறையும் என்று கேட்கலாம். மனிதனின் தோல் வெயிலில் விற்றமின் டியை ஆக்குவதுபோல் நாயின் தோல் போதிய அளவு ஆக்குவதில்லை. அதற்கு உணவே வழி. வெறுஞ் சோறும் குழம்பும், அல்லது தவிடு கலந்த கஞ்சியும் மட்டும் உண்ணும் குட்டிக்கு அச்சத்தும் இல்லை, கல்சியமும் இல்லை. தவிட்டிற் பொசுபரசு மிகுதி, கல்சியம் சொற்பம். இறைச்சியும் ஈரலும் மட்டும் கொடுக்கும் செல்வரின் நாய்க்கும் இதே குறைபாடுதான். இரத்தத்திற் கல்சியம் குறையவே உடல் எலும்பிலிருந்து அதனைக் கடன் வாங்கும். தாடையெலும்பு மெதுவாகிப் பற்கள் ஆட்டங்காணும்.

சூடை, சாளை முதலிய சிறுமீன்களை முள் மெதுவாகும்வரை அவித்து மசித்துச் சோற்றிற் கலந்து கொடுத்தல் செலவு குறைந்த வழி. கருவாடாயின் ஊறவைத்து உப்பை நீக்குக. வெங்காயம் சேர்ந்த கறியைத் தவிர்த்துக் கொள்க. அது நாய்க்கு நஞ்சாகும். கல்சிய மாத்திரைகளை அளவின்றிக் கொடுப்பதும், குறிப்பாகப் பெருத்து வளரும் குட்டிகளுக்கு, எலும்பைக் கெடுக்கும்.

பல்லின் நிறமும் மேற்பூச்சும் கெடுவது வேறு விடயம். நிலைப்பல் உருவாகும் மாதங்களில் டிஸ்ரெம்பர் நோய் கண்டு தப்பிய குட்டிகளின் பற்களிற் குழிகளும் கபிலநிறக் கோடுகளும் வாழ்நாள் முழுவதும் நிற்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு. குட்டிக்கோ சினைப்பட்ட நாய்க்கோ ரெற்றாசைக்கிளின் மருந்து கொடுப்பின் குட்டியின் பல் மஞ்சளாகும். அநுராதபுரம், பொலனறுவை மாவட்டங்களிற் சில கிணறுகளின் நீரிற் புளோரைட்டு மிகுதியால் பிள்ளைகளின் பற்கள் புள்ளி விழுவது யாவரும் அறிந்தது. அந்நீரைக் குடித்து வளரும் விலங்குகளும் இதற்கு விலக்கல்ல.

இறுதியாக, உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு விடயம். நேற்றுவரை நேராயிருந்த தாடை இன்று தொங்கி, எச்சில் வடிந்து, குட்டி விழுங்க இயலாது நின்றால், அது பிறவிக் கோணலன்று. தொண்டையில் எலும்பு சிக்கியதென்று கருதி வாய்க்குள் கை விடுவோர் உளர். விசர்நோய் கண்ட நாயும் அவ்வாறே தோன்றும். குட்டியென்று அந்நோய் விலகி நிற்பதில்லை. கையை விடாது, குட்டியைத் தனியே அடைத்து, மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். எச்சில் காயத்திற் பட்டிருந்தால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். தாடை சிதைந்து இரத்தம் வடிந்தால், பன்றிக்கென ஒளித்து வைக்கப்பட்ட வாய்வெடியை அக்குட்டி கடித்திருக்கலாம். அவ்வெடி சட்டத்தால் தடுக்கப்பட்டது. யானைக் கன்றுகளையும் கொல்வது. அதை வைத்தவன் தன் காவல்நாயின் வாயையும் பணயம் வைத்தே வைக்கின்றான்.